ஆங்கில நகைச்சுவைத் தொடர் பார்த்து வாய்ப்பேச்சு பழகுவது எப்படி? சிரிப்பு வருகிறது, வாயில் ஒட்டவில்லை

பாயான்லெப்பாஸ்_ஷிப்ட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. மின்னஞ்சல், ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வரும், படித்தாலும் புரியும். சிக்கல் வாய்ப்பேச்சில்தான். அமெரிக்க வாடிக்கையாளரோடு வீடியோ கால் தொடங்கினால் முதல் ஐந்து நிமிடம் வார இறுதி, மழை, பிள்ளைகள் என்று சும்மா பேசுவார்கள். வேலை விஷயம் வந்ததும் நன்றாகப் பேச முடிகிறது. அந்த ஐந்து நிமிடம்தான் கஷ்டம். அவர்கள் சொல்லும் சின்னச் சின்ன வார்த்தைகள் காதில் பிடிபடுவதில்லை, பதிலும் உடனே வருவதில்லை.

நகைச்சுவைத் தொடர் பார்த்தால் வரும் என்றார்கள். 'ஃபிரண்ட்ஸ்' இரண்டு சீசன் மலாய் சப்டைட்டிலோடு பார்த்தாயிற்று. கதை புரிகிறது, சிரிப்பும் வருகிறது. ஆனால் ஒரு வரிகூட வாயில் நிற்கவில்லை. சப்டைட்டில் வேண்டுமா, வேண்டாமா? எத்தனை சொல் எழுதிக்கொள்வது? வேறு தொடர் நல்லதா? ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும், ஷிப்டும் மாறி மாறி வரும்.

செந்தூல்_டீச்சர்:

முதலில் மலாய் சப்டைட்டிலை நிறுத்துங்கள். கண் மலாயைப் படித்து அர்த்தத்தை எடுத்துக்கொண்டால் காதுக்கு வேலையே இல்லை. நீங்கள் சிரித்ததெல்லாம் மலாயைப் படித்துச் சிரித்தது. ஆங்கில சப்டைட்டில் வைக்கலாம், ஆனால் எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், எந்த வரியை எடுப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழகுகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பு வெடிக்கும் வரியைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். அந்த வரியை விட்டுவிடுங்கள். நகைச்சுவை எழுதுகிறவர் முதலில் சாதாரணப் பேச்சை வைப்பார். பார்க்கிறவர் மனதில் ஓர் எதிர்பார்ப்பு உண்டாகும், கடைசி வரி அதை உடைக்கும். உடைக்கிற வரி அந்தப் பாத்திரத்துக்கும் அந்தக் கணத்துக்கும் மட்டுமே பொருந்தும், நீங்கள் அதை எங்கேயும் சொல்லப் போவதில்லை. அதற்கு முன்னால் வருகிற மூன்று நான்கு வரிதான் உங்களுக்கு வேண்டியது. ஒருவர் உள்ளே வருகிறார், என்ன ஆச்சு என்று கேட்கிறார், மற்றவர் மழுப்புகிறார், இன்னொருவர் விடாமல் கேட்கிறார். 'ஹவ் டிட் இட் கோ?' என்று ஒரு கேள்வி வரும். 'குட் ஹேவ் பீன் வொர்ஸ்' என்று பதில், அதாவது ஏதோ பரவாயில்லை. 'ஐ எண்டட் அப் ஸ்டேயிங் டில் டென்', கடைசியில் பத்து மணி வரை இருக்கும்படி ஆகிவிட்டது. யாரும் சிரிக்காத இந்த வரிகள்தான் உங்கள் முதல் ஐந்து நிமிடத்தில் அப்படியே வரப்போகிறவை.

சொல் எண்ணிக்கையைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 88 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை எடுத்துச் சொற்களைக் கணக்குப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். அடிக்கடி வருகிற 3000 சொற்குடும்பங்களோடு (ஒரு சொல்லும் அதன் மாறிய வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆள் பெயர், ஊர்ப் பெயர் போன்றவையும் தெரிந்திருந்தால், காதில் விழுவதில் சுமார் 95 விழுக்காடு தெரிந்த சொல்லாகவே இருக்கும். ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு அந்த 3000 ஏறக்குறைய இருக்கும். அப்படியானால் ஏன் பிடிபடவில்லை? இரண்டு காரணம்.

ஒன்று, தெரிந்த சொற்களே நசுங்கிய உருவத்தில் வருகின்றன. தமிழில் ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அளவுக்கு ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் சொல் மட்டும் முழுசாக ஒலிக்கும், இடையில் இருக்கிற ஆர், யூ, டு, ஹேவ் எல்லாம் சுருங்கிவிடும். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று எழுதியிருப்பது 'வாச்ச கன டூ' என்று காதில் விழும். 'டிட் யூ' என்பது 'டிஜ' ஆகும். 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுட' வரை தேயும். இதைப் புதுச் சொல் என்று நினைத்து அகராதியில் தேடினால் கிடைக்காது.

இரண்டு, தனித்தனியாகத் தெரிந்த சொற்கள் சேரும்போது வேறு பொருள் தருகின்றன. ரன் தெரியும், இன்டு தெரியும், 'ரன் இன்டு' என்றால் தற்செயலாகச் சந்திப்பது. 'ஷோ அப்' வந்து நிற்பது, சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல், 'பேக் அவுட்' ஒத்துக்கொண்ட பிறகு பின்வாங்குவது, 'புட் அப் வித்' சகித்துக்கொள்வது. இந்த வகை கற்க நகைச்சுவைத் தொடரை விட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் அந்தக் கதைகளே இவற்றால் ஆனவை. கூப்பிடாத விருந்தாளி வருவார், கொடுத்த வாக்கிலிருந்து ஒருவர் நழுவுவார், ஒருவர் மறைத்ததை இன்னொருவர் கண்டுபிடிப்பார். அதே வினைகள் வாரா வாரம் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் ஒரே தொடரில் நிலைத்து நிற்கச் சொல்கிறேன். ஐந்து தொடரில் தலா ஓர் அத்தியாயம் பார்த்தால் இந்தத் திரும்ப வருதல் போய்விடும்.

இப்போது அந்த அரை மணி நேரம். விளம்பரம் இல்லாமல் ஓர் அத்தியாயம் சுமார் 22 நிமிடம். முதல் நாள் ஆங்கில சப்டைட்டிலோடு முழுசாகப் பாருங்கள். எங்கேயும் நிறுத்த வேண்டாம், எழுத வேண்டாம். கதை மனதில் இருந்தால்தான் அடுத்த நாள் காது திறக்கும்.

இரண்டாம் நாள் அதிலிருந்து இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு பேர் பேசுகிற காட்சி, ஒரே இடத்தில் நடப்பது. சப்டைட்டிலை எடுத்துவிட்டு இரண்டு முறை கேளுங்கள். பிறகு வரி வரியாக நிறுத்தி, காதில் விழுந்ததைத் தாளில் எழுதுங்கள். முழுக் காட்சியையும் எழுத முயலாதீர்கள், எட்டுப் பத்து வரி போதும். எழுதிய பிறகு சப்டைட்டிலைப் போட்டு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அதுதான் அன்றைய பாடம். தெரிந்த சொல்லைத் தவறவிட்டிருந்தால் அது காதுப் பிரச்சினை, அந்த இரண்டு விநாடியை ஐந்தாறு முறை கேட்டால் சரியாகும். சொல்லே தெரியாவிட்டால் மட்டும் அகராதி.

அகராதியில் ஒரு வசதி இருக்கிறது. லாங்மன் மாணவர் அகராதி, பேச்சில் அடிக்கடி வருகிற 3000 சொற்களுக்கு எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்று குறி போட்டிருக்கும், இணையத்தில் இலவசம். தனிச் சொல்லாக இருந்து, குறி எதுவும் இல்லை என்றால் விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று சொல் சேர்ந்த சொற்றொடருக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதை யூகிளிஷில் பார்க்கலாம். அந்தத் தளத்தில் ஒரு சொற்றொடரைத் தட்டினால் யூடியூபில் உண்மையான ஆட்கள் அதைச் சொல்கிற இடங்களை வரிசையாகக் காட்டும். பலர் சொல்கிறார்கள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சொற்றொடர், அதிகபட்சம் எட்டு. முப்பது எழுதுகிறவர்கள் மூன்றாம் வாரம் நோட்டை மூடிவிடுகிறார்கள். எழுதும்போது முழு வரியாக எழுதுங்கள், மாற்றக்கூடிய இடத்தைக் காலியாக விடுங்கள். 'ஐ எண்டட் அப்' என்று எழுதி, கோடு போட்டு, அதன் கீழே உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தும் மூன்று வரி. பாலத்தில் நெரிசல், ஃபெரியில் போகும்படி ஆயிற்று. கடை மூடியிருந்தது, வீட்டில் சமைக்கும்படி ஆயிற்று. இப்படி மாற்றி எழுதாத சொற்றொடர் நோட்டிலேயே தங்கிவிடும், வாய்க்கு வராது. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் திரும்பப் பாருங்கள். பார்க்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த்_ஹெட்போன்:

டீச்சர் சொன்னதற்குக் கருவி விவரம் மட்டும் சேர்க்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸில் 10 விநாடி பின்னால் போகும் பொத்தானும், 0.5, 0.75 என்று வேகம் குறைக்கும் வசதியும் இருக்கின்றன. 0.75-க்குக் கீழே போகாதீர்கள், சொற்கள் ஒட்டிக்கொள்ளும் விதம் கெட்டுவிடும். கணினியில் குரோம் இருந்தால் 'லாங்குவேஜ் ரியாக்டர்' என்ற நீட்சியைப் போடுங்கள். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் இரண்டிலும் வேலை செய்யும். வசனம் பட்டியலாகப் பக்கத்தில் வரும், எந்த வரியைத் தட்டுகிறீர்களோ அந்த வரி மட்டும் ஓடும். கைத்தொலைபேசியில் இது இல்லை.

மூல ஒலி ஆங்கிலமாக இருக்கும் தொடரை எடுங்கள். கொரிய, ஸ்பானியத் தொடரின் ஆங்கில டப்பிங்கில் சப்டைட்டிலும் பேச்சும் வேறு வேறாகப் போகும், ஒப்பிட்டுப் பழக முடியாது. சப்டைட்டில் பட்டியலில் காது கேளாதவர்களுக்கான வகை இருந்தால் அதுதான் பெரும்பாலும் பேசியதை அப்படியே தரும். சாதாரண வகையில் சில சமயம் சுருக்கிவிடுவார்கள்.

திரும்பப் பார்ப்பதற்கு, கேள்வி-பதில் அட்டைகளை நாள் விட்டு நாள் காட்டும் ஆங்கி செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐஃபோனில் காசு. ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று வந்திருக்கும், அதை 3 அல்லது 4 ஆகக் குறையுங்கள். அட்டையின் முன்பக்கம் தமிழில் சூழ்நிலை எழுதுங்கள்: 'நண்பர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, குறையாகச் சொல்'. பின்பக்கம் ஆங்கில வரி. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினால் பேசும் நேரத்தில் உதவாது. அங்கே உங்களுக்குச் சூழ்நிலைதான் முதலில் வரும், சொல் வராது.

இரவு ஷிப்ட் வாரத்தில் புது அத்தியாயம் வேண்டாம். ஏற்கெனவே பழகிய காட்சியின் ஒலியை மட்டும் பேருந்தில் கேட்டாலே போதும்.

பிரிக்பீல்ட்ஸ்_குரல்:

கால் சென்டரில் புது ஆட்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை. டீச்சரின் முறை சரிதான், ஆனால் தொடர் தேர்வில் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பார்வையாளர் சிரிப்போடு மேடை மாதிரி எடுக்கும் தொடர் ஒரு வகை. 'ஃபிரண்ட்ஸ்', 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' எல்லாம் அப்படி. நடிகர்கள் கூடத்துக்குக் கேட்கும்படி பேசுவார்கள், ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குவார், சிரிப்பு அடங்கும் வரை நிறுத்துவார்கள். தொடங்குகிறவருக்கு இதுதான். குறை என்னவென்றால், சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வரியின் முதல் சொல் சில நேரம் மூழ்கும், அந்த வரியை ஒப்பிடும் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். சிரிப்பு இல்லாமல் ஆவணப்படம் மாதிரி எடுப்பது மற்ற வகை, அமெரிக்க 'தி ஆஃபிஸ்' போல. முணுமுணுப்பு, ஒருவர் மேல் ஒருவர் பேசுவது, பாதியில் விடும் வாக்கியம் எல்லாம் இருக்கும். உங்கள் வீடியோ காலுக்கு இதுதான் நெருக்கம், ஆனால் மூன்று மாதம் கழித்துப் போங்கள். போகும்போது மேலாளர் பேசுவதை எடுக்காதீர்கள். அலுவலகத்தில் சொல்லக் கூடாததை அவர் சொல்வதுதான் அங்கே நகைச்சுவையே. ஊழியர்கள் அவரைச் சமாளிக்கச் சொல்லும் பதில்களை எடுங்கள், அவை பொன்னான வரிகள்.

'ஃபிரண்ட்ஸ்' 1994 முதல் 2004 வரை ஓடியது. பேஜர், வீட்டு ஃபோனில் செய்தி விடும் இயந்திரம் பற்றிய பேச்செல்லாம் இன்று உதவாது. ஆனால் கேட்பது, மறுப்பது, மன்னிப்புச் சொல்வது எதுவும் பழசாகவில்லை. உங்கள் வீட்டுப் பேச்சுக்கு 'ரேமண்ட்' இன்னும் நல்லது. எதிர் வீட்டில் அம்மா அப்பா, கேட்காமல் உள்ளே வருவது, மாமியார் மருமகள் சமையல் சண்டை. சூழ்நிலை நமக்குப் புதிதில்லை என்பதால் மூளை மொழியை மட்டும் கவனிக்கும்.

'மிஸ்டர் பீன்' பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் பேச்சே அரிது. 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசுவதுதான் அதில் சிரிப்பு. தப்பான வரி காதில் ஏறும், நம்மவரைக் கேலி செய்யும் உச்சரிப்பும் கூடவே ஏறும்.

நம் ஊர்க் 'கோப்பித்தியாம்', சிங்கப்பூர் 'புவா சூ காங்' பற்றியும் கேட்பீர்கள். அருமையான தொடர்கள், நம் பேச்சு அப்படியே இருக்கும். 'புவா சூ காங்' பேசும் சிங்கிலிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம், பெரிய விவாதமாகி, 1999 தேசிய தின உரையில் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் தோங்கே அதைப் பேசினார். அந்த ஆங்கிலத்தைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை, மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை) அதுதான் பேச வேண்டும். உங்கள் வாடிக்கையாளரிடம் அது போய்ச் சேராது, அவ்வளவுதான்.

ஆகவே நோட்டில் ஒரு பக்கத்தை நம் வழக்கமும் தொடரில் வருவதும் மோதும் இடங்களுக்கு ஒதுக்குங்கள். நண்பரை விமான நிலையத்துக்கு 'சென்ட்' பண்ணினேன் என்போம், அமெரிக்கர் 'டிராப்ட் ஹிம் ஆஃப்' என்பார். 'அவுட்ஸ்டேஷன்' என்றால் அவருக்குத் தெரியாது, 'அவுட் ஆஃப் டவுன்'. முன்பெல்லாம் என்ற பொருளில் 'லாஸ்ட் டைம்' என்போம், அவர் காதில் அது போன தடவை, அங்கே 'யூஸ்ட் டு' வேண்டும். மெஷின் 'ஸ்பாயில் ஆல்ரெடி' என்பது 'ப்ரோக் டவுன்'. 'ஆன் தி ஏர்கான்' என்பதில் 'டர்ன்' சேர்க்க வேண்டும். ஒப்புதலுக்கு 'கேன்' என்று நிறுத்தாமல் 'ஷ்யூர்' அல்லது 'தட் வொர்க்ஸ்'.

இன்னொரு பக்கம், பார்த்தால் ஒன்று, பொருள் வேறொன்று. 'ஐ'ம் குட்' என்று பதில் வந்தால் பெரும்பாலும் வேண்டாம், போதும் என்று அர்த்தம். 'டெல் மீ அபவுட் இட்' என்றால் விவரம் கேட்கவில்லை, எனக்கும் அதே அனுபவம்தான் என்கிறார். அதைக் கேட்டு விளக்கம் சொல்லத் தொடங்குகிறவர்கள் பலர். 'டூ யூ மைண்ட் இஃப் ஐ ரெக்கார்ட் திஸ்?' என்று கேட்டால் சம்மதத்துக்கு 'நாட் அட் ஆல்' சொல்ல வேண்டும். 'யெஸ்' என்றால் ஆட்சேபம் என்று ஆகும். சிலர் 'ஷ்யூர், கோ அஹெட்' என்பார்கள், அதுவும் சரி.

ஒவ்வொரு சொற்றொடருக்குப் பக்கத்திலும் யாரிடம் சொல்லலாம் என்று குறியுங்கள்: வாடிக்கையாளர், சக ஊழியர், நெருங்கிய நண்பர், யாரிடமும் வேண்டாம். வியப்பில் 'ஷட் அப்' என்பது தொடரில் அன்பாகத் தெரியும், வாடிக்கையாளரிடம் சொன்னால் காரியம் கெட்டது. கிண்டலாகச் சொல்லும் 'யா, ரைட்' அதே மாதிரி. அதன் பொருள் சொல்லில் இல்லை, குரலில் இருக்கிறது. குரல் கொஞ்சம் தவறினாலும் அவமதிப்பாகும். கிண்டலைப் புரிந்துகொள்ளப் பழகுங்கள், பேசுவதற்கு எடுக்காதீர்கள்.

பாயான்லெப்பாஸ்_ஷிப்ட்:

டீச்சர், அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. இந்த வாரமே 'ரேமண்ட்' தொடங்குகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. சேர்ந்து பேசிப் பழக ஆள் இல்லை, தனியாக வாய்ப்பயிற்சி எப்படி? நடிகரின் அமெரிக்க உச்சரிப்பையும் பிடிக்க வேண்டுமா? 'கோயிங் டு'வைச் சுருக்கிய 'கன்னா', 'வான்ட் டு'வைச் சுருக்கிய 'வானா' எல்லாம் வீடியோ காலில் சொல்லலாமா?

செந்தூல்_டீச்சர்:

உச்சரிப்பை மாற்ற வேண்டாம். உங்கள் குரலிலேயே பேசுங்கள். அழுத்தத்தை மட்டும் பிடியுங்கள், ஏனென்றால் அழுத்தம் தவறினால்தான் அவர்களுக்குப் புரியாமல் போகிறது. அதற்கு நிழல் பயிற்சி: பழகிய காட்சியில் ஒருவரின் வசனத்தை எடுத்து, அவர் பேசத் தொடங்கி அரை விநாடி கழித்து நீங்களும் கூடவே சொல்லுங்கள். முதலில் 0.75 வேகம், பிறகு சாதாரணம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் வாய் இயந்திரமாகிவிடும். பிறகு அவர் வசனம் வரும் இடத்தில் ஒலியை அடக்கி, மற்றவர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். முதல் தடவை அவருடைய வரி, இரண்டாம் தடவை உங்கள் சொந்த வரி. ஹென்போனில் பதிவு செய்து மூலத்தோடு சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் ஐந்து நிமிடத்துக்குத் தனியாக ஒரு தயாரிப்பு இருக்கிறது. பதில், ஒரு விவரம், திருப்பி ஒரு கேள்வி. இந்த மூன்றும் சேர்ந்தால் பேச்சு நிற்காது. வார இறுதி எப்படி என்று கேட்டால் 'குட், தேங்க்ஸ்' என்று நிறுத்துவதுதான் அந்த மௌனத்துக்குக் காரணம். 'ப்ரிட்டி குட். வீ ஹெடட் ஓவர் டு பாலிக் பூலாவ் ஃபார் டூரியன். ஹவ் அபவுட் யூ, கெட் அப் டு எனிதிங்?' என்று முடித்தால் பந்து அவர் பக்கம் போய்விடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, பாலத்தில் நெரிசல், மாலை மழை, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று ஆறேழு தலைப்புக்கு இப்படி ஒன்று எழுதி வையுங்கள். தொடரிலிருந்து எடுக்கும் சொற்றொடர்களை இந்த ஆறேழு இடத்தில்தான் முதலில் பொருத்த வேண்டும்.

கேட்கிறவராக இருக்கும்போது சொல்லும் சின்னப் பதில்களையும் தொடரிலிருந்து சேருங்கள். 'நோ வே', 'தட் மஸ்ட் ஹேவ் பீன் டஃப்', 'குட் ஃபார் யூ', 'ஃபேர் எனஃப்'. எல்லாவற்றுக்கும் 'ஓகே, ஓகே' சொன்னால் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறீர்கள் என்று அவர் நினைப்பார்.

பிரிக்பீல்ட்ஸ்_குரல்:

'கன்னா', 'வானா' காலில் தாராளமாகச் சொல்லலாம், மின்னஞ்சலில் எழுதாதீர்கள். ஒரு விதி மட்டும் கவனியுங்கள். 'கன்னா' வினைக்கு முன்னால்தான் வரும். 'ஐ'ம் கன்னா செக்' சரி. கோலாலம்பூருக்குப் போவதைச் சொல்லும்போது 'ஐ'ம் கன்னா கேஎல்' என்று வராது, அங்கே 'கோயிங் டு' முழுசாக வேண்டும். 'வானா'வும் அப்படித்தான்: 'ஷீ' வந்தால் 'வான்ட்ஸ் டு', அதைச் சுருக்க முடியாது. நாக்கு பழகாதவரை முழு வடிவத்தையே சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காது மட்டும் சுருக்கத்தைப் பிடிக்க வேண்டும்.